சிட்லப்பாக்கத்துத் தட்டானும் குரோம்பேட்டை ட்ரோனும்

புரட்டாசி பிறந்து, வடகிழக்குப் பருவமழைக்கு வானம் கூடிவரும் நாட்களில் தாம்பரம் வட்டாரத்து ஏரிகளின் மேல் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றும். சிட்லப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், பெரும்பாக்கம், அப்படியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வரை எங்கும் பார்க்கலாம். அவற்றில் பெரும்பான்மை ஒரே இனம். மஞ்சள் உடம்பு, கண்ணாடி இறக்கை, அறிவியல் பெயர் பான்டாலா ஃபிளாவெசென்ஸ். பூச்சிகளில் இதைப்போல ஊர்சுற்றி குறைவு. மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து கிளம்பி மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். இத்தனை தூரம் போகும் உடம்பின் எடை அரை கிராம்கூட வராது.

சிட்லப்பாக்கத்தை ஒட்டியே இருக்கிறது குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949இல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஒன்று. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். எழுத்தாளர் சுஜாதா எலெக்ட்ரானிக்ஸ் படித்ததும் இங்கேதான். சமீப காலமாக இந்த வளாகத்துக்கு ட்ரோனால் பெயர். இங்கு உருவான தக்‌ஷா அணிக்கு 2018இல் நடிகர் அஜித்குமார் ஆலோசகரானபோது ட்ரோன் என்ற சொல்லே தமிழ்நாட்டு டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கொரோனா காலத்தில் தெருக்களின் மேல் கிருமிநாசினி தெளித்த ட்ரோன்களைப் பலர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

ஆக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பறக்கும் பொருள்கள். தட்டானுக்கு நான்கு இறக்கை. எளிய ட்ரோனுக்கு நான்கு மோட்டார். (ஒன்றுக்கு விமான நிலையமும் விமானப்படைத் தளமும் சூழ்ந்த இந்தப் பகுதியில் பறக்க அனுமதி வேண்டும், மற்றதைக் கேட்பாரில்லை.) நான் ஒப்பிட எடுத்துக்கொள்வது இவற்றின் மூளையை. மூளையைப் பார்த்து கம்ப்யூட்டர் சிப் செய்வது என்ற பேச்சு எடுத்தவுடன் எல்லோரும் மனித மூளைக்குத் தாவிவிடுகிறார்கள். 8,600 கோடி நரம்பணுக்கள், சுமார் 20 வாட் மின்சாரம் என்ற இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு, நாளை சிப்பும் அப்படியே ஆகிவிடும் என்று கைதட்டல் வாங்குகிறார்கள். அது விளம்பரம். ஒரு வேலை, அதைச் செய்யும் ஒரு பிராணி, அதே வேலையைச் செய்யும் ஒரு இயந்திரம் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதைப் பின்பற்றலாம், எது வெறும் பேச்சு என்பது தெரியும்.

முதலில் ட்ரோன். அதன் மூளைக்கு பிளைட் கன்ட்ரோலர் என்று பெயர். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி. மாணவர் கைகளில் அதிகம் புழங்குவது பிக்ஸ்ஹாக் வகை, அதில் ஓடும் மென்பொருள் பெரும்பாலும் ஆர்டுபைலட், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆரம்பகால பிக்ஸ்ஹாக்கில் இருந்த சிப்புக்கு 168 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், அதாவது நொடிக்கு 16.8 கோடி துடிப்பு. ட்ரோன் மேலே எழும்பியதும் இந்தப் பெட்டி நொடிக்கு 400 முறை ஒரே சுற்றைச் சுற்றும். சுழற்சியை அளக்கும் ஜைரோவைப் படி, முடுக்கமானியைப் படி, இரண்டையும் கால்மன் வடிகட்டி என்ற கணக்குமுறையில் போட்டு இப்போது எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று கணி, எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதோடு ஒப்பிடு, வித்தியாசத்துக்கு ஏற்ப நான்கு மோட்டார்களுக்கும் வேகம் சொல். காற்றே இல்லாத நாளில் ட்ரோன் ஆடாமல் அசையாமல் நின்றாலும் அதே 400 முறைதான். ஒன்றுமே மாறவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவும் முழுக் கணக்கையும் போட்டாக வேண்டும்.

இனி தட்டான். செத்து விழுந்த ஒன்றை எடுத்துச் சாதாரண பூதக்கண்ணாடியில் பாருங்கள். தலை முழுக்கக் கண். இரண்டு கண்களும் உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மேல்பாதி செம்பழுப்பு, கீழ்ப்பாதி சாம்பல். பெரிய தட்டான் இனங்களில் ஒவ்வொரு கண்ணிலும் 30,000 வரை நுண்கண்கள் உண்டு. கண்கள் சேரும் இடத்துக்கு முன்னால், நெற்றியில் ஒரு சிறு மேடு. அதைச் சுற்றி மூன்று பளபளக்கும் மணிகள். இவையும் கண்கள்தான், ஆனால் இவற்றுக்கு உருவம் தெளிவாகத் தெரியாது. வானத்தில் புற ஊதா ஒளி அதிகம், தரையில் குறைவு. எந்தப் பக்கம் வானம், எந்தப் பக்கம் தரை, நடுவில் தொடுவானக் கோடு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது இந்த மூன்று மணிகளுக்குப் போதுமான அளவு தெரிந்துவிடும். அங்கிருந்து தடித்த, வேகமான சில நரம்பிழைகள் செய்தியைக் கழுத்துக்கும் இறக்கைக்கும் கொண்டுபோகின்றன.

ட்ரோனின் ஜைரோ செய்யும் அதே வேலை இது. ஜைரோவுக்கு ஒரு வியாதி உண்டு, நேரம் ஆக ஆக அளவு மெல்ல நழுவும். அதைச் சரிக்கட்டத்தான் முடுக்கமானி, வடிகட்டி எல்லாம். தட்டானுக்கு நழுவல் இல்லை, ஏனென்றால் தொடுவானம் இடம் மாறுவதில்லை. ஆனால் நள்ளிரவில், மேகமூட்டத்தில், கட்டடத்துக்கு உள்ளே இந்த முறை உதவாது. ஜைரோவுக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்று. ஆஸ்திரேலியப் பொறியாளர்கள் இந்த நெற்றிக்கண்ணைப் போலவே ஒளியுணரிகளைச் செய்து சிறு விமானங்களில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். வேலை செய்தது. ஆனாலும் ஜைரோ மலிவாகி, செல்போனுக்குள்ளேயே புகுந்துவிட்ட பிறகு அதற்குச் சந்தை இல்லாமல் போனது. இயற்கையைப் பின்பற்றும் பொறியியலில் இந்தக் கதை அடிக்கடி நடக்கும். நல்ல யோசனை தோற்பதற்கு அது தப்பாக இருக்க வேண்டியதில்லை. பழைய பொருள் மலிந்துவிட்டாலே போதும்.

தட்டானை ட்ரோன் நெருங்கவே முடியாத இடம் வேட்டை. கொசுவோ சிறு ஈயோ குறுக்கே பறந்தால், தட்டான் அதன் பின்னால் துரத்துவதில்லை. அது போய்ச் சேரப்போகும் இடத்துக்கு இது முன்கூட்டியே போகிறது. முள் நிறைந்த ஆறு கால்களையும் கூடையாகக் குவித்து, கீழிருந்து அள்ளும். அமெரிக்காவில் ராபர்ட் ஓல்பர்க் 2000இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்து பாயும் தட்டான்கள் நூறில் 97 பாய்ச்சலில் இரையைப் பிடித்தன. புலி, சிங்கம் எல்லாம் இந்தக் கணக்கைக் கேட்டால் வெட்கப்படும்.

இரையின் திசையைத் தலையிலிருந்து இறக்கைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் எத்தனை தெரியுமா? எட்டு ஜோடி. மொத்தம் 16. 2013இல் பலோமா கொன்சாலஸ்-பெலிடோ, ஓல்பர்க் உள்ளிட்டோர் இதை அளந்து சொன்னார்கள். ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு திசையை விரும்புகிறது. பதினாறும் சேர்ந்து போடும் ஓட்டின் கூட்டுத்தொகைதான் இரையின் திசை. இதைப் படித்துவிட்டு 16 நரம்பணு இருந்தால் ட்ரோனை ஓட்டிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பதினாறும் விடையைச் சுமக்கும் கம்பிகள். கணக்கு அதற்கு மேலே, கண்ணிலும் தலையிலும் பல்லாயிரம் நரம்பணுக்களில் நடந்து முடிந்திருக்கும். கூட்டத்தில் ஒரு கொசுவை மட்டும் குறிவைப்பதும் அங்கேதான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வைடர்மனும் டேவிட் ஓ'கேரலும் தட்டான் மூளைக்குள் ஒரே ஒரு நரம்பணுவில் மின்முனையைச் செருகி, இரண்டு இரைகளைத் திரையில் காட்டினார்கள். ஒன்று மட்டும் இருந்தால் எப்படித் துடிக்குமோ, அப்படியே துடித்தது. இன்னொன்று இல்லவே இல்லை என்பது போல.

இவ்வளவுக்கும் ஆகும் நேரம் சுமார் 50 மில்லி நொடி. நாம் கண்சிமிட்டும் நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. நரம்பணு மந்தமானது. ஒரு நரம்பணு செய்தியை அடுத்ததற்குக் கைமாற்ற மில்லி நொடிக் கணக்கில் ஆகும், டிரான்சிஸ்டர் அதற்குள் பல லட்சம் முறை திறந்து மூடிவிடும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் தட்டானை மாதிரியாக வைத்து வேலை செய்யும் ஃபிரான்சஸ் சான்ஸ் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறார். இந்த நேரத்துக்குள் செய்தி ஏறத்தாழ மூன்று அடுக்கு நரம்பணுக்களைத்தான் கடந்திருக்க முடியும். மந்தமான உறுப்புகளை வைத்துக்கொண்டு, மூன்றே படியில், வேகமான விடை. படிகள் குறைவு, ஒவ்வொரு படியிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். பிக்ஸ்ஹாக்கில் இருப்பது ஒரே ஒரு அசுர வேகக் கணக்குப்பிள்ளை. எல்லாம் அவர் கையால், ஒன்றன்பின் ஒன்றாக.

வேகத்தைவிடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று. சாதாரண கம்ப்யூட்டரில் நினைவகம் ஓரிடம், கணக்குப் போடும் பகுதி வேறிடம். வீடு தாம்பரத்தில், வேலை சிறுசேரியில் என்று வாழும் நம்மவர்கள் நிலைதான். வேலை செய்யும் களைப்பைவிடப் போய்வரும் களைப்பே அதிகம். சிப்பிலும் அப்படியே: வெளி நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை எடுத்துவர ஆகும் ஆற்றல், அந்த எண்ணை வைத்து ஒரு கூட்டல் போட ஆகும் ஆற்றலைப் போலப் பல நூறு மடங்கு. நரம்பணுவில் இந்தப் பயணம் கிடையாது. இரண்டு நரம்பணுக்கள் தொடும் இணைப்பின் வலுவே நினைவு. செய்தி அதைக் கடக்கும்போதே கணக்கும் முடிந்துவிடுகிறது. கூடவே, தூண்டுதல் வராத நரம்பணு பெரும்பாலும் சும்மா இருக்கிறது. நொடிக்கு 400 முறை எழுந்து எழுந்து பார்ப்பதில்லை.

இந்த இரண்டு குணங்களையும் சிலிக்கனுக்குக் கொண்டுவரலாம் என்று முதலில் ஆழமாகச் சொன்னவர் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கார்வர் மீட். இத்தனைக்கும் சிப் வடிவமைப்பைப் பாடமாக்கி, கடிகாரத் துடிப்புக்கு ஓடும் இன்றைய சிப்புகளின் பெருக்கத்துக்கு வழிபோட்டவர்களில் அவரும் ஒருவர். டிரான்சிஸ்டரை முழுதாகத் திறக்காமல், வாசல் நிலைக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் வைத்தால் அதில் கசியும் மின்னோட்டம் நரம்பணுச் சவ்வின் அயனி வாயில்களைப் போன்ற கணித விதியில் மாறுகிறது என்பது அவர் கண்ட சூட்சுமம். 1980களின் இறுதியில் இந்தத் துறைக்கு நியூரோமார்ஃபிக் என்ற பெயர் வந்ததும் அவரால்தான். அவருடைய மாணவி மிஷா மகோவால்ட் சிலிக்கனில் ஒரு விழித்திரையே செய்து காட்டினார். சுஜாதா தமிழில் மூளைக்கு 'தலைமைச் செயலகம்', சிப்புக்கு 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று தனித்தனியாக எழுதிய இரண்டு விஷயங்கள் ஒரே மேசையில் கலந்தது இவர்கள் கையில்.

அதன்பின் பெரிய நிறுவனங்கள் வந்தன. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த தர்மேந்திர மோதா தலைமையில் ஐ.பி.எம். 2014இல் ட்ரூநார்த் சிப்பை வெளியிட்டது. 540 கோடி டிரான்சிஸ்டர், 10 லட்சம் செயற்கை நரம்பணு, செலவு சுமார் 70 மில்லிவாட். இன்டெல் 2017இல் லோஹி என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதில் ஏறத்தாழ 1,31,000 நரம்பணு, சுமார் 13 கோடி இணைப்பு. 2024இல் லோஹியின் இரண்டாம் தலைமுறைச் சிப்புகள் 1,152ஐ அடுக்கி 115 கோடி நரம்பணு கொண்ட ஒரு அமைப்பைச் சாண்டியாவில் நிறுவினார்கள். ஆந்தை மூளை அளவு என்று விளம்பரம் செய்தது இன்டெல்.

ஆந்தை அளவு என்பதன் மதிப்பு என்ன? சரியான உரைகல் நம்மிடம் இருக்கிறது. 2024 அக்டோபரில், பழத்தை மொய்க்கும் சிறு ஈயின் மூளை வரைபடம் முழுதாக வெளிவந்தது. பிரின்ஸ்டனில் மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியுங் ஆகியோர் முன்னின்று நடத்திய ஃபிளைவயர் திட்டம். 1,39,255 நரம்பணு, 5 கோடிக்கு மேல் இணைப்பு. முதல் தலைமுறை லோஹியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நரம்பணு எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம், இணைப்பில் சிப்புக்கே கை ஓங்கல். அப்படியென்றால் லோஹி ஒரு ஈயாகிவிட்டதா? சுவரில் உட்கார்ந்திருக்கும் ஈயை அடிக்கப் போனவருக்குப் பதில் தெரியும். எண்ணிக்கை பொருந்தியும் ஆள் பொருந்தவில்லை.

காரணங்களில் சில இப்போதே தெரிந்தவை. சிப்பில் நரம்பணு என்பது ஒரு சிறிய சமன்பாடு. வருவதைக் கூட்டு, வரம்பைத் தாண்டினால் ஒரு துடிப்பை அனுப்பு. உண்மையான நரம்பணுவின் கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்குப் போடக்கூடியவை. பூச்சியின் கண்ணை ஒட்டிய பகுதிகளில் பல நரம்பணுக்கள் துடிப்பதே கிடையாது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கித்தான் பேசுகின்றன. அதற்கும் மேலே ஆக்டோபமின், டோபமின் போன்ற வேதிப்பொருள்கள். ஈ பறக்கிறதா, நடக்கிறதா, பசியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அதே கம்பிச்சுற்று வேறு விதமாக வேலை செய்யும். வரைபடத்தில் கம்பி தெரியும், இந்த நிலைமாற்றங்கள் தெரியா. 302 நரம்பணு மட்டுமே உள்ள ஒரு உருளைப்புழுவுக்கு 1986லேயே முழு வரைபடம் வந்துவிட்டது. அதன் நடத்தையை முழுதாகக் கணினியில் உயிர்ப்பிக்க இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, நரம்பணு எண்ணிக்கையை வைத்துச் சிப்பை ஒரு பிராணியோடு சமன்படுத்தும் வாக்கியம் எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு வேலையை எடுத்துக்கொண்டவர்கள் உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மாண்டயம் ஸ்ரீனிவாசன். பெங்களூரில் பொறியியல் படித்து, ஆஸ்திரேலியாவில் தேனீக்களின் பார்வையை ஆராய்ந்தவர். சுவர்களுக்கு நடுவே பறக்கும் தேனீ, இடது வலது கண்களில் காட்சி ஓடும் வேகத்தைச் சமமாக வைத்துக்கொண்டே நடுவில் பறக்கிறது. தரையிறங்கும்போதும் அப்படித்தான். காட்சி ஓடும் வேகம் மாறாமல் பார்த்துக்கொண்டால், தரை நெருங்க நெருங்கப் பறக்கும் வேகம் தானாகக் குறையும். தூரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று தேனீ அளப்பதே இல்லை. இந்த விதியை ட்ரோனில் போட நரம்பணுச் சிப் எதுவும் தேவைப்படவில்லை, சாதாரணச் சிப்பே போதும். பிராணியிடமிருந்து எடுத்துக்கொண்டது கணக்கைச் சுருக்கும் யுக்தியை மட்டும்.

அடுத்தது கண். மகோவால்டின் விழித்திரை வழியில் சூரிச்சில் டோபி டெல்ப்ரூக் குழு 2008இல் ஒரு கேமரா செய்தது. 128க்கு 128 புள்ளிகள். சாதாரண கேமரா நொடிக்கு 30 முறை முழுப் படத்தையும் எடுக்கும், எதிரே வெறும் சுவர் இருந்தாலும். இந்தக் கேமராவில் ஒவ்வொரு புள்ளியும் தன்னிச்சையானது. தன்மேல் விழும் ஒளி மாறினால் மட்டும் வாய் திறக்கும், அதுவும் சில பத்து மைக்ரோ நொடிகளில். ஈவென்ட் கேமரா என்கிறார்கள். இதன் அருமை புரிய ஒரு கணக்குப் போடலாம். ட்ரோன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது. சாதாரண கேமராவின் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அது 33 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். வயல்வரப்பில் தொங்கும் மின்கம்பியின் தடிமன் விரல் அளவு. அது ஒரு படத்தில் மங்கலாகத் தெரிந்து, அது கம்பிதான் என்று சிப் முடிவுகட்டுவதற்குள் இறக்கை சிக்கியிருக்கும். சூரிச் பல்கலைக்கழகத்தில் டாவிடே ஸ்காரமுட்சா குழு 2020இல் ஈவென்ட் கேமரா பொருத்திய ட்ரோன்மேல் பந்து எறிந்து பார்த்தது. பந்தைக் கண்டு விலக முடிவெடுக்க ஆன நேரம் 3.5 மில்லி நொடி. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்ததிலிருந்தும் தப்பியது. அதில் ஓடிய கணக்கு சாதாரணச் சிப்பில்தான். இந்தத் துறையில் இதுவரை பலன் தந்தது எது என்று என்னைக் கேட்டால், மூளையைப் பின்பற்றியதைவிடக் கண்ணைப் பின்பற்றியதுதான் என்பேன்.

கண், மூளை இரண்டையும் சேர்த்துப் பறக்கவிட்டது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம். 2024இல் வெளியான அவர்கள் ஆய்வில், கீழ்நோக்கிப் பார்க்கும் ஒரு ஈவென்ட் கேமரா, அதன் செய்தியைப் படிக்க லோஹி சிப், அதில் 28,800 செயற்கை நரம்பணு. ஓடும் காட்சியைப் பார்த்து ட்ரோன் ஓரிடத்தில் நிற்கும், பக்கவாட்டில் நகரும், தரையிறங்கும். லோஹியில் இந்த நரம்பணு வலை நொடிக்கு 274 முதல் 1,600 முறை ஓடியது. அதே வலையை ட்ரோன்களில் வழக்கமாகப் போடும் சிறிய கிராஃபிக்ஸ் சிப்பில் ஓட்டினால் 25 முறை. வலையை ஓட்ட மட்டும் ஆன மின்சாரம் லோஹியில் 7 மில்லிவாட், மற்றதில் 2 வாட். ஏறக்குறைய 300 மடங்கு வித்தியாசம். பத்திரிகைகள் இந்த எண்ணை எடுத்துக்கொண்டன. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. லோஹி சும்மா இருக்கவே 1 வாட் வேண்டும், கிராஃபிக்ஸ் சிப்புக்கும் அப்படியே. மொத்தமாகக் கூட்டினால் ஒன்றுக்கு 1 வாட்டும் சொச்சமும், மற்றதற்கு 3 வாட். 300 மடங்கு மூன்று மடங்காகச் சுருங்கிவிடுகிறது. தட்டான் பறப்பதை நிறுத்தி உட்கார்ந்தால் அதன் செலவு தானாகக் குறையும். அந்தக் குணம் சிப்புக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

குரோம்பேட்டை ட்ரோனுக்கு இதெல்லாம் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து நெல்வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை எடுத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தொட்டி நிறைந்தால் மொத்த எடை 25 கிலோவைத் தொடும். அதை வானத்தில் நிறுத்தி வைக்கவே மோட்டார்கள் சில கிலோவாட் விழுங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பேட்டரி மாற்ற வேண்டும். அங்கே சிப்பில் 2 வாட் மிச்சம் பிடித்து என்ன செய்ய? வயலின் நான்கு மூலையைக் குறித்துக் கொடுத்தால், ஜி.பி.எஸ். பார்த்து நேர்கோட்டில் போய்த் திரும்ப பிக்ஸ்ஹாக் போதும். ஆற்றல் சிக்கனம் என்ற வாதம் செல்லுபடியாவது உள்ளங்கையில் அடங்கும் ட்ரோன்களிலும், காதுக்கருவி போல நாள்கணக்கில் ஒரே பேட்டரியில் ஓட வேண்டிய பொருள்களிலும்தான். அங்கே ஒவ்வொரு மில்லிவாட்டுக்கும் மதிப்பு உண்டு.

நம் பக்கத்துச் சிப் வேலையும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கிண்டிக்கும் தரமணிக்கும் நடுவில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி தலைமையில் உருவான சக்தி என்ற சிப், 2018லேயே சிலிக்கனில் ஓடியது. இஸ்ரோவோடு சேர்ந்து செய்த அதன் வாரிசு சண்டிகரில் தயாரானது. எல்லாம் கடிகாரச் சிப்புகள். ட்ரோனிலும் ராக்கெட்டிலும் மின்மீட்டரிலும் இன்று வேண்டியது இவைதான், அதில் சந்தேகமில்லை. மூளை வழி ஆராய்ச்சி இந்தியாவில் அதிகம் நடப்பது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். சேதன் சிங் தாக்கூர் ஆய்வகம் 2022இல் ஆர்யபட்-1 என்ற அனலாக் சிப்பைக் காட்டியது. ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழு 2024இல், ஒரு மூலக்கூறுப் படலத்தில் 16,500 வெவ்வேறு கடத்துநிலைகளைச் சேமிக்க முடியும் என்று காட்டியது. நினைவும் கணக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற தட்டான் விதிக்கு நேராகப் போகும் வேலை இது. மாணவர் கைக்கு வர நாளாகும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியைக் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். லோஹியை இன்டெல் ஆய்வாளர்களுக்கு மட்டும் கொடுத்து வருகிறது.

இதுவரை தட்டான் பக்கம் தட்டு தாழ்ந்திருக்கிறது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. அலுவலக வாகன நிறுத்தங்களில், மழைக்கால மதியத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பளபளப்பான அடர்நிறக் கார் பானெட்டின் மேல் தட்டான் தாழப் பறந்து வாலைத் தொட்டுத் தொட்டு எடுக்கும். முட்டையிடுகிறது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கிடைமட்டமாக முனைவாக்கம் பெற்றிருக்கும். அதை அடையாளமாக வைத்துத்தான் தட்டானின் கண் ஏரியைக் கண்டுபிடிக்கிறது. பாலிஷ் போட்ட கார் பானெட், சோலார் தகடு, கறுப்புக் கிரானைட் எல்லாம் அதே ஒளியைத் தரும். கொதிக்கும் தகரத்தில் முட்டை வெந்து போகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் உலகில் கிடையாக மின்னியதெல்லாம் தண்ணீர்தான், ஆகவே விதி சரியாக இருந்தது. சென்னையின் தெற்கே ஏரிகள் சுருங்கி, கார்கள் பெருகிய சில பத்தாண்டுகளில் அது தப்பாகிவிட்டது. தட்டானுக்கு இதைத் திருத்திச் சொல்ல வழியில்லை. அதன் நினைவும் கணக்கும் ஒன்றாகக் கலந்து உடம்பிலேயே உறைந்திருக்கின்றன. ட்ரோனில் இப்படி ஒரு பிழை தெரிந்தால் இரவோடு இரவாகப் புது மென்பொருள் ஏற்றிவிடலாம். நினைவகத்தைத் தனியே வைத்ததற்குக் கொடுக்கும் போக்குவரத்துச் செலவு, இந்த வசதிக்கான விலை. இதைக் கணக்கில் சேர்க்காமல் கடிகாரச் சிப்பைப் பழிப்பது நியாயமில்லை.

செய்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. லோஹிக்குள்ளேயே 128 நரம்பணுப் பகுதிகளுக்கு நடுவில் மூன்று சாதாரண, கடிகாரத்தில் ஓடும் பகுதிகளை இன்டெல் வைத்திருக்கிறது. டெல்ஃப்ட் ட்ரோனிலும் லோஹி சொல்வது எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு உந்த வேண்டும் என்பதை மட்டும். அதை மோட்டார் வேகமாக மாற்றியது வழக்கமான பிளைட் கன்ட்ரோலர்தான். எம்.ஐ.டி. மைதானத்தில் இப்படி ஒன்று எழும்பினால், அதன் வடிவமும் இதற்கு அருகில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூக்கில் கட்டைவிரல் அளவு ஈவென்ட் கேமரா, அதற்குப் பின்னால் மின்கம்பியையும் மாஞ்சா நூலையும் தவிர வேறெதையும் தேடத் தெரியாத ஒரு சிறு நரம்பணுச் சிப். வயலின் எல்லை, தொட்டியில் மிச்சமிருக்கும் மருந்து, வீடு திரும்பும் வழி எல்லாம் பழைய பிக்ஸ்ஹாக் பெட்டியிலேயே இருக்கும்.